எந்தப் பக்கத்து ரத்தம்

ஏன் என்று கேட்டுக் கேட்டே எங்கள் வீட்டில் சில வருஷங்கள் போயின. அரிசி விலை ஏறினால் ஏன் என்று கேட்காத குடும்பம் எங்களுடையது. பஸ்காரர்கள் வேலைநிறுத்தம் செய்து ஊரே நடந்து போனபோதும் நாங்கள் ஏன் என்று கேட்காமல்தான் நடந்தோம். என் தம்பி விஷயத்தில் மட்டும் ஆளுக்கொரு காரணத்தைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. இப்போது நினைத்தாலும் எனக்கு அலுப்பாக இருக்கிறது. அந்த அலுப்பு என் எழுத்திலும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிராங்கூன் ரோட்டிலிருந்து ஃபேரர் பார்க் பக்கம் பிரியும் ஒரு சந்தில், மளிகைக் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் இருந்தோம். அப்பா, அம்மா, தம்பி, நான், என் மகள். ஜப்பான்காரன் காலத்தில் வயதுவந்த பெண்ணை வீட்டில் வைத்திருக்கப் பயந்து, பதினேழு முடிவதற்குள் எனக்குக் கட்டிவைத்தார்கள். கட்டியவர் காசநோயில் போய்ச் சேர்ந்தார். ஆறு வயதுப் பெண்ணோடு நான் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தேன். சும்மா உட்கார்ந்து சாப்பிடக் கூசியது. ஒரு தமிழ் டாக்டரின் டிஸ்பென்சரியில் வேலைக்குச் சேர்ந்து ஊசிகளைக் கொதிக்கவைக்கவும், புண்ணைக் கழுவிக் கட்டவும், பிறகு ஊசி போடவும் கற்றுக்கொண்டேன்.

தம்பி எனக்கு ஏழு வயது இளையவன். எங்களுக்கு நடுவே இரண்டு பிள்ளைகள் பிறந்து தங்கவில்லை. அதனால் அவனைத் தரையில் விடாமல் வளர்த்தோம். தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அலைந்தது பெரும்பாலும் நான்தான். அவன் நன்றாகப் படித்தான், சர்வே ஆபீஸ் ஒன்றில் வரைபடம் வரையும் வேலை கிடைத்தது. வெள்ளைச் சட்டையும் விரல் நுனியில் மையுமாக மாலையில் வீடு திரும்புவான். என் மகளுக்குச் சைக்கிள் விடக் கற்றுக்கொடுத்ததும், கணக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவன்தான். அவளுக்கு அப்பா முகம் மறந்துபோனபோது அந்த இடத்தில் மாமா முகம்தான் இருந்தது.

கல்யாணப் பேச்சு வந்ததும் மூன்று பெண்களின் போட்டோவை ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பிக் கொடுத்தான். நாலாவது போட்டோ ஈப்போவிலிருந்து வந்த அன்று, ஃபேரர் பார்க் திடலில் பந்தாட்டம் பார்க்கப் போகலாம் வா என்று என்னைக் கூப்பிட்டான். பந்தாட்டத்துக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? ஏதோ சொல்லப்போகிறான் என்று தெரிந்தேதான் போனேன்.

புல்லில் உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“அக்கா, எனக்குப் பொண்ணுங்க மேல ஆசை வரல. சின்ன வயசுலேர்ந்தே வரல. எனக்கு ஆம்பளைங்க மேலதான் வருது. நானும் என்னென்னமோ பண்ணிப் பாத்துட்டேன்.”

டிஸ்பென்சரியில் வேலை பார்க்கிறவளுக்கு உலகத்தில் இல்லாத விஷயம் என்று ஒன்றும் கிடையாது. ஆனால் அதுவரை அதெல்லாம் மற்றவர் வீட்டு விஷயமாக இருந்தது. போலீஸுக்குத் தெரிந்தால் ஜெயில், ஆபீஸில் தெரிந்தால் வேலை போகும் என்று என் மனம் வரிசையாக ஓடியது. அம்மாவிடம் சொல்லிவிடாதே என்றேன். காலையிலேயே சொல்லிவிட்டதாகச் சொன்னான். அவன் சுபாவம் அப்படி. ஒரு கோடு கோணலாக விழுந்துவிட்டால் தாளையே மாற்றி முதலிலிருந்து வரைகிறவன்.

அம்மா அழவில்லை. கொஞ்ச நாள் வழக்கம்போல வேலைகளைப் பார்த்தாள். பிறகு தானே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டாள். வளைகாப்பு தலைப்பிள்ளைக்குத்தான் போடுவது. நடுவில் இரண்டு பிள்ளைகள் போன பயத்தில், தம்பி வயிற்றில் இருந்தபோது அவளுக்கு மறுபடியும் வளைகாப்பு போட்டிருக்கிறார்கள். கை நிறைய வளையலோடு இரண்டு மாதம் மாவாட்டி, துணி துவைத்து, அது கலகலவென்று வயிற்றுக்குள் கேட்டுக்கொண்டே இருந்ததாம். உள்ளே இருந்தது ஆண் பிள்ளை என்று தெரியாமல் போயிற்றே என்பாள். நான் வயிற்றில் இருந்தபோதும்தானே போட்டீர்கள் என்றேன். நீ பெண், உனக்குப் பரவாயில்லை என்றாள். ஊர்ப் பெண்கள் எல்லோரும் வளையல் போட்டுக்கொண்டுதான் ஆண் பிள்ளை பெற்றார்கள் என்று எடுத்துச் சொல்லியும் பார்த்தேன். அவளுக்குத் தன் மேல் ஒரு பழி தேவைப்பட்டது. அதை யாரும் பிடுங்கிவிடாமல் பார்த்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் கையில் கண்ணாடி வளையலே ஏறவில்லை.

அப்பாவுக்கு அந்தக் கஷ்டமெல்லாம் இல்லை. இது அம்மா பக்கத்திலிருந்து வந்தது என்று ஒரே நாளில் முடிவு கட்டிவிட்டார். அம்மாவின் அண்ணன் ஒருவர் ஜொகூரில் ரப்பர் தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தாவான ஒரு கிராணியோடு ஒரே வீட்டில் இருபது வருஷம் சமைத்துச் சாப்பிட்டு, அந்த மனிதர் இறந்த மூன்றாம் மாதம் தானும் இறந்தார். அதுவரை அதைச் சிநேகிதம் என்று சொல்லிக்கொண்டிருந்த அப்பா, இப்போது உன் அண்ணன் வழி, உன் அண்ணன் ரத்தம் என்று ஆரம்பித்தார்.

அம்மா ஒருநாள் பொறுத்தாள், இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் சோற்றைப் போட்டுக்கொண்டே நிதானமாகக் கேட்டாள்.

“என் அண்ணன் யாரு? உங்க அக்கா மகன்தானே?”

அதுதான் எங்கள் குடும்பம். அப்பா கட்டியது தன் சொந்த அக்காள் மகளை. அம்மா பக்கம் என்று எதைச் சொன்னாலும் அது சுற்றிக்கொண்டு அப்பா பக்கமே வந்து நிற்கும். அப்பா அன்று பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். எனக்கும் தம்பிக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த விஷயத்தில் நாங்கள் சிரித்தது அந்த ஒருமுறைதான் என்று நினைக்கிறேன்.

தம்பியை டாக்டரிடம் கூட்டிப்போனது நான். அப்பா அவனை நாகப்பட்டினத்துக்குக் கப்பலேற்றி யாரோ மந்திரிக்கிறவரிடம் அனுப்புவதாக இருந்தார். அதற்கு இது தேவலை என்று தோன்றியது. டாக்டர் அவனை உட்காரவைத்து மரியாதையாகத்தான் பேசினார். சிலர் சுரப்பிக் குறை என்கிறார்கள், சிலர் பிறவியிலேயே வருவது என்கிறார்கள், சிலர் வளர்ப்பு என்கிறார்கள், எனக்குத் தெரியாது என்றார். அந்தக் காலம் முழுவதிலும் தெரியாது என்று சொன்ன ஒரே மனிதர் அவர்தான். தெரியாது என்று சொல்லிவிட்டு, ஆண் சுரப்பு மருந்தை ஊசியில் ஏற்றிப் பார்க்கலாம் என்று எழுதியும் கொடுத்தார்.

அந்த ஊசியை வாரம் ஒருமுறை போட்டது நான். எண்ணெயில் கரைத்த மருந்து. குப்பியைச் சுடுதண்ணீரில் வைத்து இளக்கி, தடித்த ஊசியில் ஏற்றி, மெதுவாக அழுத்த வேண்டும். வேகமாக அழுத்தினால் உள்ளே கட்டிக்கொள்ளும். இடுப்பில் வைத்து வளர்த்த பிள்ளையை இடுப்புக்குக் கீழே குத்துகிறாயே என்று கேலி செய்வான். பத்து வாரம் போட்டேன். முகமெல்லாம் பரு வந்தது. நெஞ்சில் முடி அடர்ந்தது. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தான். பத்தாவது வாரம் கால்சட்டையை இழுத்து மாட்டிக்கொண்டு சொன்னான்.

“ஆசை கூடிருச்சு அக்கா. ஆனா அதே ஆளுங்க மேலதான். போதும்லா.”

டாக்டரிடம் சொன்னேன். அவர் அவனையும் கூப்பிட்டு, நிறுத்திவிடலாம், சுரப்பியில் குறை இல்லை, பிறவியாக இருக்கலாம் என்றார். தம்பி அப்பாவிடம் போய், சுரப்பியில் குறை இல்லையாம், பிறவியாக இருக்கலாமாம் என்று டாக்டர் வாயாலேயே கேட்டதைச் சொன்னான். பிறவி என்ற சொல் அவனுக்கு ஆறுதலாக இருந்தது. அவன் தப்பு இல்லை என்று ஆகிறதல்லவா? எனக்கும் அதைக் கேட்டு மனம் லேசானது. குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று டாக்டர் விசாரித்திருந்ததால், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் தன் வரைபலகையை எடுத்துவைத்து வம்சத்தை வரையக்கூடச் செய்தான். அப்பா பெயர்களைச் சொல்லச் சொல்ல, அம்மா திருத்தத் திருத்த, பென்சில் கோடுகள் கீழே இறங்கிப் பக்கவாட்டில் ஓடி மறுபடி மேலே ஏறின. மரம் மாதிரி வரவேண்டியது பின்னிய கூடை மாதிரி வந்தது. கல்யாணமாகாமல் போனவர்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் ஒருவர் இருவர் இருந்தார்கள். அவர்கள் என்ன காரணத்தால் அப்படி இருந்தார்கள் என்று இனி யாரைப் போய்க் கேட்பது?

அந்தத் தாளைப் பார்த்ததில்தான் அப்பாவுக்கு அந்த யோசனை வந்திருக்க வேண்டும். என் மகளை என் தம்பிக்குக் கட்டிவைப்பது.

எங்களில் அது புதிதும் இல்லை, தப்பும் இல்லை. அக்காள் மகள் மாமனுக்கு உரிமை. அப்பாவே அப்படிக் கட்டியவர்தான். வெளியே பெண் எடுத்தால் இரண்டாம் மாதம் அவள் போய்த் தன் அம்மாவிடம் சொல்லிவிடுவாள், ஊர் சிரிக்கும். சொந்தத்தில் கட்டினால் பேச்சு வாசலைத் தாண்டாது. ஒரு பிள்ளை பிறந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். இதுதான் அவர் கணக்கு. நான் அவர் வீட்டில் இருக்கிறவள், என் பெண் அவர் வீட்டில் வளர்ந்தவள். அதை அவர் சொல்லவில்லை, சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை.

மகளுக்கு அப்போது பதினேழு. சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை எழுதிவிட்டு டீச்சர் பயிற்சிக்கு மனு போட்டிருந்தாள். பெரியவர்கள் பேசுவதை ஒட்டுக்கேட்டுவிட்டுத் தானே என்னிடம் வந்தாள். மாமாவைக் கட்டிக்கொள்வதில் எனக்கு ஒன்றுமில்லை அம்மா, யாரோ தெரியாத ஆளுக்கு மாமா எவ்வளவோ மேல், உன்னை விட்டும் போகவேண்டாம் என்றாள். அவளுக்கு எதுவும் தெரியாது. அவளுக்குச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

தம்பியாவது மறுப்பான் என்று நம்பினேன். அவனை மொட்டைமாடிக்குக் கூப்பிட்டுக் கேட்டேன். இரண்டு வருஷமாக எல்லோரும் சேர்ந்து அவனை அரைத்துத் தள்ளியிருந்தோம். அம்மா அவனைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பா அவன் முகத்தைப் பார்த்துப் பேசுவதை நிறுத்தியிருந்தார். நான் என் பங்குக்குப் பத்து ஊசி போட்டிருந்தேன். களைத்துப்போன குரலில் சொன்னான்.

“நான் கட்டிக்கிறேன் அக்கா. அவளுக்கு ஒரு குறையும் வைக்க மாட்டேன். என்னால முடிஞ்சவரைக்கும் நல்லாப் பாத்துக்குவேன்.”

அவனால் முடியாதது என்ன என்று எனக்குத் தெரியும். பதினேழு வயதில் ஒருத்தனுக்குக் கட்டிக்கொடுக்கப்பட்டவள் நான். ஆசையோடு தொடுகிற கை எது, கடமைக்குத் தொடுகிற கை எது என்று ஒரு பெண்ணுக்குத் தெரியாமல் போகாது. என் பெண் தனக்கு என்ன குறை என்று தேடித் தேடியே ஆயுசைக் கழிப்பாள். இவனும் அவள் முகத்தைப் பார்க்கமுடியாமல் கழிப்பான். இரண்டு பேரும் நான் தூக்கி வளர்த்த பிள்ளைகள்.

வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்ள ஒரு வெள்ளிக்கிழமை காலையைக் குறித்தார்கள். அப்பாவின் பங்காளிகள் இரண்டு பெரியவர்கள் புக்கிட் மேராவிலிருந்து வந்து பாயில் உட்கார்ந்திருந்தார்கள். தட்டு என் பக்கம் வந்தது. பெண்ணைப் பெற்றவள் என்ற முறையில் நான் அதைத் தொட வேண்டும். நான் தொடவில்லை. மருமகனுக்கு என்ன குறை என்று பெரியவர்களில் ஒருவர் கேட்டார்.

அவன் இப்படிப்பட்டவன் என்று சொன்னால் அப்பா, கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்பார். மகள் படிக்கட்டும் என்றால் கட்டிக்கொண்டு படிக்கட்டும் என்பார். எதைச் சொன்னால் அவர் வாயடைக்கும் என்று யோசித்தேன். எனக்குத் தெரிந்து ஒன்றுதான் இருந்தது.

“இவனுக்கு ஆம்பளைங்க மேலதான் ஆசை. அது பிறவியில வந்ததுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. அம்மாவும் அப்பாவும் ஒரே ரத்தம். மறுபடியும் அதே ரத்தத்துல கட்டுனா பொறக்கிற பிள்ளையும் இப்படித்தான் பொறக்கும். என் பொண்ணு வயித்துல இந்தச் சீக்கு வேண்டாம்.”

டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. இருக்கலாம் என்றார். சீக்கு என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அதை நான் சேர்த்துக்கொண்டேன். பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தட்டு மெல்லப் பின்னால் போனது. அம்மா தன் கல்யாணத்தையே நான் நடுவீட்டில் போட்டு உடைத்தமாதிரி என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகு இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. தம்பி சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சொன்னதைத் திரும்ப வாங்கியிருப்பேன்.

கல்யாணம் நின்றது. பங்காளிகள் மூலமாக விஷயம் நாலு வீட்டுக்குப் போனது. எந்த ரகசியத்தைக் காக்க அப்பா பாடுபட்டாரோ அதை நானே ஊருக்குச் சொன்னதாக ஆயிற்று. ஒரு வாரத்தில் தம்பி துணிகளையும் பலகையையும் எடுத்துக்கொண்டு காத்தோங்குக்குப் போய்விட்டான். ஆபீஸ் சிநேகிதன் ஒருவனோடு சேர்ந்து ஒரு வீட்டின் மாடியை வாடகைக்கு எடுத்திருப்பதாக மகளுக்குச் சொல்லியிருந்தான். எனக்குச் சொல்லவில்லை. மாதாமாதம் அம்மா கைக்குப் பணம் வந்தது. அவன் வரவில்லை. அப்பா இறந்தபோது வந்து, கொள்ளிவைத்துவிட்டு, பதினாறாம் நாள் முடிந்ததும் போனான். என்னிடம் மரியாதையாகப் பேசினான். அந்த மரியாதையை என்னால் தாங்கமுடியவில்லை. அவன் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

நான் செய்தது சரி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மகள் பயிற்சி முடித்து டீச்சரானாள். கூடப் படிப்பித்த பையனையே கட்டிக்கொண்டாள். அவள் சிரிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் அன்று சொன்ன பொய்க்கு இதுதான் கூலி என்று நினைத்துக்கொள்வேன். தம்பி யாரையும் ஏமாற்றாமல் தனக்குப் பிடித்தமாதிரி இருக்கிறான், அதுவும் என்னால்தான் என்று நினைத்துக்கொள்வேன். ஒரு பொய் இரண்டு பேரைக் காப்பாற்றியது என்பது என் கணக்கு.

மகளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். அவளுக்கு உடன்பிறந்தவன் இல்லை. என் மாமா மடியில்தான் உட்காரவைப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அவன் சாக்குச் சொல்லித் தப்பிக்கக்கூடாது என்று காத்தோங்கில் இருந்த பிள்ளையார் கோயிலிலேயே நாள் வைத்தாள்.

வந்தான். காதோரம் நரைத்திருந்தது. பட்டுவேட்டியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டான். ஆசாரி காதைத் தொட்டதும் குழந்தை வீரிட்டது. அவன் அதன் தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து ஏதோ முணுமுணுத்தான். அழுகை நின்றது. எல்லோரும் சாப்பிட மண்டபத்துக்குப் போனார்கள். நாங்கள் இரண்டு பேரும் குழந்தையும் தூணோரம் இருந்தோம்.

குழந்தை அவன் மடியிலிருந்து என் பக்கம் திரும்பி, விரலை மடக்கி மடக்கி விளையாடியது. மென்மையான விரல்கள். பிறந்த நாளிலிருந்து நான் அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எப்படிச் சிரிக்கிறது, எதைக் கண்டு பயப்படுகிறது, இடுப்பை எப்படி வைக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்பது மாதக் குழந்தையிடம் என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். பார்த்தேன். தம்பியும் அந்த வயதில் இப்படித்தான் விரலை மடக்குவானா என்று ஞாபகப்படுத்திக்கொள்ளப் பார்த்தேன். தலையை நிமிர்த்தியபோது தம்பி என்னையே கவனித்துக்கொண்டிருந்தான்.

“அன்னிக்கு என்னையும் அவளையும் காப்பாத்தத்தான் நீ அப்படிச் சொன்னேன்னு இவ்வளவு நாளும் நினைச்சுக்கிட்டிருந்தேன் அக்கா” என்றான்.

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் விடவில்லை.

“இவன் என்னைய மாதிரி இருந்தா உனக்குப் பரவாயில்லையா?”

பரவாயில்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல்தானே. நல்லதுக்காகச் சொல்கிற பொய் எனக்குப் புதிதும் இல்லை. ஆனால் பல வருஷக் களைப்பு முந்திக்கொண்டது. வாயில் வந்தது வேறு.

“இன்னொரு தடவ அவ்வளவு பாடு பட என்னால முடியாதுடா.”

அவன் கோபப்படவில்லை. குழந்தையின் காதோரம் ஒட்டியிருந்த சந்தனத்தை விரலால் துடைத்துவிட்டான்.

“பாடு பட்டது நீயா அக்கா?” என்று கேட்டான்.

சண்டைக்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டமாதிரிதான் இருந்தது. குழந்தைக்குப் பசிக்கும், பெற்றவளிடம் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து அதைத் தோளில் போட்டுக்கொண்டு மண்டபத்துக்குப் போனான். என்னிடம் தரவில்லை.